உங்கள் கொல்லை முந்திரி

நேற்றுக் காலை கல்லூரிக்குக் கிளம்பும்போது பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் வந்தது. ஜெயங்கொண்டம் வண்டியில் எனக்கு ஒரு பார்சல் வந்திருக்கிறதாம், கண்டக்டர் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாராம். போய் வாங்கினேன். வாயைச் சணலால் தைத்த மஞ்சள் துணிப்பை. காரில் வைத்துக் கதவைச் சாத்தியதும் வாசம் வந்துவிட்டது. வீட்டில் வறுத்து உடைத்த முந்திரிப் பருப்பில் ஓட்டின் புகை வாசம் லேசாக ஒட்டிக்கொண்டிருக்குமே, அது. கடை முந்திரியில் அது இருக்காது. நான் அதை முகர்ந்து ஐந்து வருடம் ஆகிறது. நீங்கள் போய் ஏழு மாதம்.

வண்டியை ஓரமாக நிறுத்தி உங்கள் மனைவிக்குப் போன் போட்டேன்.

"அவரு சொல்லிட்டுப் போனதுங்க மேடம். 'நான் இருக்கற வரைக்கும் மேடத்துக்கு முந்திரி அனுப்பாத, நான் போனப்புறம் மொத மகசூல்ல ரெண்டு கிலோ அனுப்பிடு'ன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியலைங்க. உங்க ரெண்டு பேருக்குள்ள ஏதாச்சும் கோவமா?"

"கோவமெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்று மட்டும் சொன்னேன். பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் போனில் சொல்லி முடிக்கிற கதையா அது? பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். உங்களுக்கு இந்தக் கதை தெரியும். ஆனால் நேற்றும் இன்றும் நடந்தது தெரியாது. அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

உங்களை முதலில் பார்த்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. மெடிக்கல் ரெப் என்றாலே எரிச்சல் எனக்கு. பகலில் பெரம்பலூர் மருத்துவக் கல்லூரியில் பாடம், சாயங்காலம் அரியலூரில் கிளினிக் என்று ஓடிக்கொண்டிருந்த காலம். வாசலில் நோயாளிகள் காத்திருக்க, கழுத்துப் பட்டையோடு நாலு பேர் பையும் கையுமாக நின்றால் யாருக்குத்தான் கோபம் வராது? ஒரு தீபாவளிக்கு ஏதோ ஒரு கம்பெனிக்காரர் பளபளவென்று ஒரு டின்னர் செட் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். "எடுத்துட்டுப் போறீங்களா, இல்ல நானே கொண்டுபோய் படிக்கட்டுல வைக்கட்டுமா?" என்றேன். அது அரியலூர் முழுக்கப் பேச்சானது. வெளியே ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லையே தவிர, உள்ளூர எனக்குத் தலைகால் புரியாத பெருமை. பேனாகூட வாங்காத டாக்டர் நான்.

நீங்கள் வேறு மாதிரி வந்தீர்கள். கடைசி நோயாளி போகும்வரை வெளி பெஞ்சில் உட்கார்ந்திருப்பீர்கள். உள்ளே வந்தாலும் பையைத் திறக்க மாட்டீர்கள். "பாப்பா பிளஸ் டூ எப்படிப் படிக்குதுங்க மேடம்?" என்று என் மகளைப் பற்றிக் கேட்பதுதான் முதல் பேச்சு. நானாகக் கேட்டால் மட்டும் அந்த வழவழப்பான படப் புத்தகத்தை எடுத்து இரண்டே பக்கம் காட்டிவிட்டு மூடிவிடுவீர்கள். இவ்வளவு அடக்கமான ரெப்பை நான் பார்த்ததே இல்லை. வந்த முதல் மே மாதம், ஒரு துணிப்பையை நீட்டினீர்கள்.

"இது கம்பெனி இல்லீங்க மேடம். எங்க கொல்லை."

வாங்கிக்கொண்டேன். எங்கள் உடையார்பாளையம் பக்கம், கொல்லையில் விளைந்ததை ஒருவர் கொண்டுவந்து கொடுத்து, வேண்டாம் என்று சொன்னால் அது அவர்களையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி. அதோடு அம்மா எனக்குச் சொல்லி வளர்த்த இன்னொன்றும் உண்டு. கொடுத்தனுப்பிய பையை வெறும் பையாகத் திருப்பக் கூடாது. நாலு எலுமிச்சம்பழமாவது போட்டுத்தான் அனுப்ப வேண்டும். உங்கள் பையிலும் எலுமிச்சம்பழம் போட்டுக் கொடுத்தேன். அதோடு கடன் தீர்ந்தது என்று நினைத்தேன்.

வருடா வருடம் முந்திரி வந்தது. உங்கள் கம்பெனியின் புது சர்க்கரை மாத்திரையும் வந்தது. நல்ல மாத்திரைதான், கெட்ட மாத்திரை என்று இன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் யாருக்கு எழுதலாம், யாருக்கு வேண்டாம் என்று யோசிக்கிற இடத்தில் என் பேனா யோசிக்காமல் ஓடியது. அப்படி எழுதியவர்களில் ஒருவர்தான் ஆலத்தியூர்ப் பக்கத்து அஞ்சலை. கணவர் மூட்டை ஏற்றும் வேலை. அஞ்சலைக்குப் பழைய மாத்திரையிலேயே சர்க்கரை ஒழுங்காகத்தான் இருந்தது. அந்தப் பழைய மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் சும்மாவே கிடைக்கும். நான் அதை அடித்துவிட்டுப் புதியதை எழுதினேன்.

அந்த மார்கழியில் அஞ்சலை காலில் துணி சுற்றிக்கொண்டு வந்தார். முள் குத்தியது தெரியவே இல்லை, புண்ணாகி விரல் கறுத்த பிறகுதான் பார்த்திருக்கிறார். சர்க்கரை எங்கோ போயிருந்தது. மாத்திரை ஒழுங்காகப் போட்டாயா என்று கேட்டேன். ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டாராம். "வெல கட்டுப்படி ஆவலைங்க டாக்டரம்மா."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "வாய் இல்ல உனக்கு? வந்து சொல்றதுக்கு என்ன? கால் போச்சுன்னா யாரு பொறுப்பு?" என்று கத்தினேன். எண்ணெய் குடித்த நாயை விட்டுவிட்டு எதிரே வந்த நாயை அடித்த கதை. அவர் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். நீங்கள் அப்போது வாசலில் நின்றிருந்தீர்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டீர்கள் என்பது உங்கள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. அன்று நீங்கள் உள்ளே வரவில்லை. அஞ்சலைக்கு இடது கால் இரண்டாவது விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

அதன் பிறகு மூன்று மாதம் உங்களைக் காணோம். வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். ஒரு சாயங்காலம் கிளினிக் வாசலில் பை இல்லாமல் நின்றீர்கள். கழுத்துப் பட்டை இல்லாமல் உங்களை முதலில் அடையாளமே தெரியவில்லை. உள்ளே வந்து, ஒரு குறிப்பேட்டைப் பிரித்து என் முன்னால் வைத்தீர்கள். ரெப்புகள் ஒவ்வொரு டாக்டருக்கும் ஒரு பக்கம் எழுதி வைப்பது வழக்கம் என்று எனக்கு அன்றுதான் தெரியும். அது என் பக்கம். உங்கள் கையெழுத்து அச்சுப்போல இருக்கும். நாலைந்து வரிதான்.

'பரிசு கொடுத்தால் கோபம் வரும். நேர்மையானவர் என்று சொன்னால் சந்தோஷம். மகள் படிப்பில் தொடங்கவும். மே மாதம் முந்திரி. எங்க கொல்லை என்று சொல்லிக் கொடுக்கவும். வெறும் பையைத் திருப்பித் தர மாட்டார்.'

கடைசி வரியை நான் இரண்டு தடவை படித்தேன்.

"கொல்ல எங்களோடதுதாங்க மேடம். அதுல பொய் இல்ல. ஆனா இதுல எழுதுனப்புறம் அது கொல்ல முந்திரி இல்லைங்க" என்றீர்கள். "அப்ப நம்ம பழக்கம்?" என்று கேட்டேன். "அது எனக்கே தெரியலைங்க. எது பழக்கம், எது வேலைன்னு பிரிச்சுப் பாக்க முடியல. அதான் விட்டுட்டேன்" என்றீர்கள்.

வெளியே போகச் சொன்னேன். அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்து மேஜையில் வைத்துவிட்டுப் போனீர்கள். ஒரு மாதம் உங்களை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது. ஏமாற்றினீர்கள் என்பதற்காக இல்லை. டின்னர் செட்டைத் திருப்பி அனுப்பிய பெருமையில் இருந்தவளை, இரண்டு கிலோ முந்திரியில் எடை போட்டுவிட்டீர்களே என்றுதான். கோபம் அடங்கினபோது ஒன்று புரிந்தது. வேலையை விட்டவர் பேசாமல் இருந்திருக்கலாம். என் பக்கத்தை என்னிடமே காட்ட வேண்டும் என்று உங்களுக்கு என்ன தலையெழுத்து? என்மேல் மரியாதை இல்லாதவர் அதைச் செய்திருக்க மாட்டார்.

கல்லூரியில் மூன்றாம் வருட மாணவர்களுக்கு மருந்துக் கம்பெனிகளும் டாக்டர்களும் பற்றி ஒரு வகுப்பு எடுக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. அதற்கு முந்தின வருடம் நான் எடுத்தேன். திரையில் விதிமுறைகளாகப் போட்டு, இதை வாங்காதே அதை வாங்காதே என்று படித்தேன். பாதிப் பேர் தூங்கினார்கள், மீதிப் பேர் மணியைப் பார்த்தார்கள். இப்போது உங்களைக் கூப்பிட்டேன். "நான் என்ன மேடம் டாக்டருங்களுக்குப் பாடம் நடத்தறது?" என்று மறுத்தீர்கள். "பாடம் வேணாம். உங்க வேலையச் செஞ்சு காட்டுங்க" என்றேன். அன்று மாணவர்கள் முன்னால்தான் முதன்முதலாக உங்களை சார் என்று கூப்பிட்டேன். நீங்கள் திரும்பிப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தீர்கள்.

அந்த முதல் வகுப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். தேய்த்த சட்டை, பழைய பை, அதே அடக்கம். "உங்கள்ல யாரு ஏமாறவே மாட்டீங்க?" என்று கேட்டீர்கள். ஒரு பையன் கையைத் தூக்கினான். "அதான் எனக்கு வேணும். ஏமாற மாட்டேன்னு சொல்றவங்ககிட்டதான் நான் மொதல்ல போவேன்" என்று அவனை முன்னால் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தீர்கள்.

"எந்த ஊருங்க டாக்டர்?"

"ரஞ்சன்குடி."

"கோட்டைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

அவ்வளவுதான். அவன் வீடு, அப்பா, ஆடி மாதக் கிடாவெட்டு என்று பேச்சு எங்கெங்கோ போனது. பத்தே நிமிடம். கடைசியில், "எனக்காக ஒண்ணும் செய்ய வேணாங்க. ரெண்டே ரெண்டு பேருக்கு எழுதிப் பாருங்க. சரியில்லைன்னா என்னக் கூப்புட்டுத் திட்டுங்க. உங்கள மாதிரி ஒருத்தரோட கருத்து எனக்கு வேணும்" என்றீர்கள். "சரிங்க, ரெண்டு பேருக்குப் பாக்குறேன்" என்றான் பையன். நீங்கள் பையை மூடிவிட்டு வகுப்பைப் பார்த்துத் திரும்பினீர்கள்.

"நான் இன்னும் மருந்து பேரே சொல்லலைங்களே."

வகுப்பே சிரித்தது. அந்தப் பையனும் சிரித்தான், ஆனால் காது சிவந்துவிட்டது. அதன் பிறகு யாரும் தூங்கவில்லை. இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஒருவர் ரெப், ஒருவர் டாக்டர் என்று பழக்கினீர்கள். மூன்று கேள்வி சொல்லிக் கொடுத்தீர்கள். பழசை விட இது எதில் மேல்? யாருக்கு இது ஆகாது? என் முன்னால் உட்கார்ந்திருக்கிறவரால் இதைக் கடைசிவரை வாங்கிச் சாப்பிட முடியுமா? "இத டீக்கு முன்னாடி கேட்டுடுங்க. டீ குடிச்சப்புறம் கேக்க வாய் வராது" என்றீர்கள். இப்போது ஹவுஸ் சர்ஜன் அறையில் யாராவது ரெப் வந்தால், "டீக்கு முன்னாடி" என்று ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்கிறார்கள். ரெப்புகளை யாரும் மரியாதைக் குறைவாக நடத்துவதில்லை. அதையும் நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள். "அவனுக்கும் வூட்டுல அடுப்பெரியணும். அவன விரட்டாதீங்க. உங்களப் பாத்துக்குங்க."

நாலு வருடம், நாலு வகுப்பு. ஒவ்வொரு தடவையும் கடைசியில் அஞ்சலை கதையைச் சொன்னீர்கள். பெயர் சொல்லாமல். மருந்தை விற்றது நான் என்று சொல்வீர்கள், டாக்டரைப் பற்றிக் கேட்டால் "ஒரு டாக்டர்" என்பீர்கள். அந்த ஒரு டாக்டர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருப்பாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு.

போன வருடம் வகுப்பு முடிந்து உங்களை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டபோது, கதவைத் திறந்துகொண்டே சொன்னீர்கள். "எம் பங்க நான் சொல்லிட்டேங்க மேடம். மிச்சம் உங்க பங்கு. எப்ப முடியுதோ அப்பச் சொல்லுங்க." அதட்டலும் இல்லை, குத்தலும் இல்லை. நான் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருடம் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த வருடமும் நீங்கள் வருவீர்கள் என்று நினைத்தேன். ஐப்பசி மழையில் உங்கள் மகன் போன் செய்தபோது, முதலில் இந்த நினைப்புத்தான் வந்தது.

நேற்று வகுப்பு. நீங்கள் இல்லாத முதல் வகுப்பு. முந்திரிப் பை காரில் இருந்தது. மாணவர்களே ரெப்பாக நடித்தார்கள், நன்றாகவே நடித்தார்கள். கடைசியில் கதை சொல்ல வேண்டிய இடம் வந்தது. எழுந்து நின்றேன். 'ஒரு டாக்டர்' என்று தொடங்கினேன். வாய் அதற்குமேல் போகவில்லை. கைப்பையிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்து, கடைசி வரி உட்பட வாசித்துக் காட்டினேன்.

"இது என் பக்கம். அந்த டாக்டர் நான்" என்றேன்.

விரல் போன கதையையும் பெயர் சொல்லாமல் முழுதும் சொன்னேன். முன் வரிசையில் ஒரு பெண், அதிகம் வாய் திறக்காதவள், மெதுவாகக் கேட்டாள். "அந்த அம்மாகிட்ட இதச் சொல்லிட்டீங்களா மேடம்?"

பாருங்கள், உங்களைப் பார்க்காவிட்டாலும் நீங்கள் தொடங்கிவைத்த வகுப்பின் பிள்ளைகள். எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டுமோ அதைக் கேட்கிறார்கள். இல்லை என்றேன்.

அஞ்சலை இன்னும் என்னிடம்தான் வருகிறார். விரல் எடுத்த பிறகு பழைய மாத்திரைக்கே மாற்றிவிட்டேன், சர்க்கரை ஒழுங்காக இருக்கிறது. மாதத்தில் ஒரு புதன்கிழமை. இன்று புதன். முந்திரியைப் பிரித்து ஒரு டப்பாவில் போட்டு மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன். அஞ்சலை வந்து உட்கார்ந்ததும் என் கை முதலில் இழுப்பறைக்குத்தான் போனது. பாதி திறந்துவிட்டேன். அப்போதுதான் உறைத்தது. முந்திரியைக் கொடுத்துவிட்டுச் சொன்னால் அவரால் என்னைக் கோபித்துக்கொள்ள முடியுமா? டீக்கு முன்னாடி என்று உங்கள் குரல் கேட்டது. இழுப்பறையைச் சாத்தினேன்.

"அஞ்சலை, உங்க விரல் போனதுக்கு நீங்க காரணம் இல்ல. அந்த மாத்திரை உங்களுக்குத் தேவையே இல்ல. எனக்கு வேண்டப்பட்டவர் விக்கிறார்னு யோசிக்காம எழுதிட்டேன். அத மறைச்சுட்டு உங்களத் திட்டுனேன். தப்பு என்னோடது" என்றேன். எழுதும்போது இரண்டு வரியாக இருக்கிறது. சொல்ல ஐந்து வருடம் பிடித்தது.

அஞ்சலை என்னையே பார்த்தார்.

"தெரியுங்க டாக்டரம்மா. அந்த ரெப்பு சாரு வூட்டுக்கே வந்து சொன்னாரு. நாலஞ்சு வருசம் ஆவுது. தப்பு தன்னோடதுன்னாரு. எழுதுனது டாக்டரம்மாதானேன்னு கேட்டேன். 'அத அவங்க சொல்லுவாங்க, நான் சொல்லக் கூடாது'ன்னாரு. புது மாத்தர எழுதுனா கேளுன்னு எனக்கும் மூணு கேள்வி சொல்லிக் குடுத்துட்டுப் போனாரு."

"ஏன் இத்தன நாளா ஒண்ணும் கேக்கல?"

"நீங்க கோவிச்சுக்குவீங்கன்னு பயங்க."

விரல் போனதற்கும் அதுதானே காரணம். வாய் இல்லையா என்று அவரைக் கேட்டேனே, அந்த வாயை மூடி வைத்ததும் நான்தான். முந்திரியை விட, மாத்திரையை விட, என் கோபம்தான் அவரிடம் அதிக விலை வாங்கியிருக்கிறது. உங்கள் குறிப்பேட்டில் முதல் வரியே அதுதானே, 'கோபம் வரும்' என்று. நான் அழுதுவிட்டேன். அஞ்சலை எழுந்து வந்து என் தோளைத் தொட்டு, "விடுங்க, சொல்லிட்டீங்கல்ல" என்றார். பிறகு உட்கார்ந்து, சீட்டை என் பக்கம் தள்ளி, "இந்த ரத்தக் கொதிப்பு மாத்தர ரெண்டு எழுதியிருக்கீங்களே, ரெண்டும் வேணுங்களா?" என்று கேட்டார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். இரண்டும் வேண்டும்தான். ஏன் வேண்டும் என்று உட்கார்ந்து விளக்கினேன். அதன் பிறகுதான் இழுப்பறையைத் திறந்தேன்.

நீங்கள் எனக்குச் செய்ததை என்னவென்று சொல்வேன்? என் பங்கை என்னிடமிருந்து பறிக்காமல், காத்திருந்தீர்கள். அஞ்சலையிடம்கூட என் வேலையை எனக்காக விட்டுவைத்தீர்கள். அதற்கு நன்றி. என் பக்கத்தைக் கிழித்துக் கொடுத்ததற்கு நன்றி. வேலையை விட்ட பிறகு, உயிரோடு இருந்தவரை முந்திரி தராமல் இருந்ததற்கும் நன்றி. ஒவ்வொரு மே மாதமும் அதற்காக எவ்வளவு ஏங்கினேன் என்று உங்களிடம் சொன்னதில்லை. இனி என்னிடமிருந்து உங்களுக்கு ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. அதனால்தான் இப்போது அனுப்பச் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு பருப்பை வாயில் போட்டேன். தோல் கொஞ்சம் ஒட்டியிருந்தது. உங்கள் கொல்லை முந்திரிதான்.

அந்தப் பக்கம் இனி என் கைப்பையில் இல்லை. கிளினிக் மேஜைக் கண்ணாடிக்கு அடியில், நான் சீட்டு எழுதும் இடத்தில் வைத்திருக்கிறேன். எதிரே உட்காருகிறவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

உங்கள் மனைவியின் துணிப்பையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டேன். நாளைக் காலை ஜெயங்கொண்டம் வண்டியில் கொடுத்தனுப்ப வேண்டும். நம் இருவருக்குள் என்ன கோபம் என்று கேட்டார் அல்லவா, அவருக்கும் தெரிய வேண்டும். வெறும் பையாக அனுப்புகிற பழக்கம் எனக்கு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். இந்த மடலை மடித்து உள்ளே வைக்கிறேன்.